முப்பது சுற்று நட்பு

விளையாட்டு வினையாகும் என்பது நம் வீடுகளில் வழங்கும் மொழி. இன்றோ வினையே விளையாட்டாகிப் பிள்ளைகளின் முன் வந்து நிற்கின்றது. நகர் அமைத்தல், தூது விடுத்தல், உடன்படிக்கை செய்தல், படை திரட்டல் ஆகிய அரசியற் செயல்கள் யாவும் ஒரு கணினித் திரைக்குள் அடங்கிவிட்டன. இவற்றை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடுவது ஆசிரியராய் இருப்போர்க்குத் தகாது. விளையாட்டே குழந்தையின் முதற்பாடம் என்று ஆசிரியர் பயிற்சியில் கற்றவர்கள் நாம். ஆகவே, ஒரு நூலைத் திறனாய்வது போலவே ஓர் ஆட்டத்தையும் திறனாய வேண்டும். அது கற்பிப்பது யாது, கற்பிக்காமல் விட்டது யாது என்று காண வேண்டும்.

சென்ற பள்ளி விடுமுறையில் சிராங்கூனில் என் தங்கை வீட்டில் சில நாள் தங்கியிருந்தேன். பதினாறு வயதுடைய மருமகன் ‘சிவிலிசேஷன்’ என்னும் ஆட்டத்தில் மூழ்கியிருந்தான். அவன் ஆண்ட நாட்டுக்கு அண்டை நாடு இந்தோனேசியா. அதன் தலைவி மஜாபாகித் அரசி கீதார்ஜா. இருவரும் நட்புறவு பூண்டு, நெடுநேரம் வாணிகம் நடத்தி வந்தனர். உடன்படிக்கையின் காலம் முடிந்தது. அடுத்த கணமே, எல்லையில் முன்னதாகவே கொணர்ந்து நிறுத்தியிருந்த படையை அவள் நாட்டின்மேற் செலுத்திவிட்டான்.

“என்ன தம்பி, இவ்வளவு நேரம் கூட்டாளியாத்தானே இருந்தீங்க?” என்றேன்.

“அதான் முப்பது சுற்று முடிஞ்சிருச்சே மாமா. அவங்ககிட்ட இப்ப படையும் கம்மி, பாருங்க” என்று திரையின் ஓரத்தில் இருந்த ஓர் எண்ணைக் காட்டினான்.

ஆட்டத்தின் விதி எதனையும் அவன் மீறவில்லை. விதி அவனுக்குக் கற்பித்ததையே செய்தான். எனினும் அவ்விடை என் நெஞ்சை விட்டு அகலவில்லை. இக்கட்டுரை அவ்விடைக்கு நான் கூறும் மறுமொழி எனக் கொள்க.

ஆட்டத்தின் கணக்கு

சிட் மையர் என்பார் அமெரிக்காவில் ஆக்கிய இவ்வாட்டம் 1991-இல் முதலில் வெளிவந்தது. 2025-இல் வந்த ஏழாம் ஆட்டத்தில் சோழரும் இடம் பெற்றுள்ளனர். என் மருமகன் ஆடியது 2016-இல் வெளிவந்த ஆறாம் ஆட்டம். இது சதுரங்கத்தைப் போல முறைவைத்து ஆடுவது. ஆடுவோர் அனைவரும் தத்தம் முறையை முடித்தால் அது ஒரு சுற்று. அவசரமின்றி எண்ணிப் பார்க்க இடமளிப்பதால் இதனைச் சிந்தனைக்குரிய ஆட்டம் என்றே சொல்லலாம்.

ஆறாம் ஆட்டத்திற்கு 2018-இல் வந்த விரிவில் நட்புறவு ஐந்து வகையாயிற்று: ஆராய்ச்சி, பண்பாடு, பொருளியல், சமயம், படை. ஒவ்வொரு வகையிலும் ஒரு காலத்தில் ஒருவரோடு மட்டுமே உறவு கொள்ளலாம். உறவு நீடிக்க நீடிக்க மூன்று படிகளாக உயர்ந்து மேலும் பயன் தரும். இயல்பான வேகத்தில் ஆடினால் ஓர் உடன்படிக்கையின் ஆயுள் 30 சுற்று. அதுவரை ஒருவர்மேல் ஒருவர் போர் தொடுத்தல் இயலாது. படை நட்புடையார் பொதுப்பகைவனை எதிர்க்குங்கால், ஒவ்வொரு படைப்பிரிவின் போர் வலிமையோடும் ஐந்து கூடும். எந்நாட்டின் படைவலிமை எவ்வளவு என்பது ஓர் எண்ணாகத் திரையிலேயே தெரியும். அண்டை நாட்டின் எண் சிறிதாயின் கணினியே ஆளும் தலைவர்களும் தாக்கத் துணிவர் என்பது ஆடிப் பழகியோர் அறிந்தது.

இவ்வாட்டத்தின் நன்மைகளை மறைத்துக் கூறுதல் நேர்மையன்று. படை பெருக்கினால் உழவும் கல்வியும் தளரும். படையைக் குறைத்தால் பகை நெருங்கும். இவ்விரண்டிற்கும் நடுவே நிறுத்துப் பார்க்கும் பழக்கத்தை இது சிறுவர்க்கு ஊட்டுகின்றது. ஆட்டத்தில் வரும் சந்திரகுப்த மௌரியன் தன் எல்லைக்கருகில் நகர் வைத்திருப்போரை வெறுப்பவனாகப் படைக்கப்பட்டுள்ளான். அவனது தனித்திறனுக்கு இட்ட பெயரே அர்த்தசாத்திரம். அண்டை அரசன் பகைவன், அவனுக்கு அப்பாலுள்ளவன் நண்பன் என்னும் சாணக்கியரின் மண்டலக் கொள்கையின் சாயலை இங்கே காண்கின்றோம். இவ்வளவு ஆய்ந்து செய்தோர் நட்பைப் பற்றி மட்டும் ஏன் இவ்வளவு குறுக நினைத்தனர் என்பதே நம் வினா.

வள்ளுவரின் கணக்கு

திருக்குறளின் பொருட்பாலில் அங்கவியல் 32 அதிகாரங்களை உடையது. பரிமேலழகர் பகுத்துக் கொள்ளும் முறையில், இவற்றுள் படைக்கு உரியன இரண்டே. நட்புக்கும் அதன் மறுதலைகளுக்கும் உரியன பதினேழு. நண்பரை ஆராய்தல், பழைமை பாராட்டுதல், தீய நட்பை விலக்குதல், பகையின் திறம் தெரிதல், உட்பகையை உணர்தல் என்று அவை விரிகின்றன. ஓர் அரசன் படையைப் பற்றி அறிய வேண்டுவதைக் காட்டிலும், யாரை நம்புவது என்பதைப் பற்றி அறிய வேண்டுவது மிகுதி என்பதை இப்பகுப்பே காட்டுகின்றது.

அதனால் வள்ளுவர் கணக்கறியாதவர் என்று எண்ணிவிடலாகாது. வலியறிதல் என்னும் அதிகாரத்தின் முதற்குறளில், செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணைவரின் வலிமை என்னும் நான்கையும் சீர்தூக்கச் சொல்கின்றார். துணைவர் என்பதற்கு இருபக்கத்தார்க்கும் துணையாவார் என்று பரிமேலழகர் உரை காண்கின்றார். பகைத்திறந்தெரிதலில், துணையின்றித் தனித்து நிற்பவன் தனக்குப் பகைவர் இருவராயின், அவருள் ஒருவரை இனிய துணையாக்கிக்கொள்ள வேண்டும் என்கின்றார். மருமகன் கேட்டால், “நான் செஞ்சதும் அதுதானே மாமா” என்றே கூறுவான்.

இன்னும் ஒரு படி மேலே செல்வோம். பகைவர் நண்பராய் ஒழுக வேண்டிய காலம் வந்தால், முகத்தளவில் நட்புச் செய்து, அகத்தால் நட்பின்றி இருந்து, பின்னர் அதனையும் விட்டுவிட வேண்டும் என்றும் வள்ளுவர் சொல்லியிருக்கின்றார். முப்பது சுற்று நட்பின் இலக்கணம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது. ஆயின் அக்குறள் எந்த அதிகாரத்தில் உள்ளது என்பதை நோக்க வேண்டும். நட்பு என்னும் அதிகாரத்தில் இல்லை. கூடாநட்பு என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளாக உள்ளது.

நான் கூற வந்த குற்றச்சாட்டு இதுவே. சூழ்ச்சியைக் கற்பிப்பதற்காக இவ்வாட்டத்தைக் குறைகூற வேண்டுவதில்லை. சூழ்ச்சி அரசியலில் உண்டு. கூடாநட்பு ஒன்றையே உள்ளே வைத்துக்கொண்டு, அதற்கு நட்பு என்று பெயர் சூட்டியிருப்பதே இதன் குறை. இரண்டிற்கும் ஒரே சொல்லைப் பயின்ற பிள்ளை, இரண்டையும் ஒன்றென்றே எண்ணி வளரும்.

கூட்டினால் கூடாத எண்கள்

நட்பை எண்ணாக்கினால் நேரும் பிழை மற்றொன்றும் உண்டு. ஐந்தும் ஐந்தும் பத்து என்று ஆட்டம் கூட்டிவிடுகின்றது. வரலாறு அவ்வாறு கூட்டுவதில்லை.

தலையாலங்கானத்துப் போர் நம் மாணவர் அறிந்தது. இளையனாய் அரியணை ஏறிய பாண்டியன் நெடுஞ்செழியனை எதிர்த்துச் சேரனும் சோழனும் வேளிர் ஐவருமாக எழுவர் திரண்டனர். திரையில் எண்ணைக் காட்டும் ஆட்டமாயின், இளைஞன் தோற்பான் என்பது போருக்கு முன்னரே முடிந்த முடிபு. தோற்றவர்களோ எழுவரே. வெண்ணியிலும் அவ்வாறே கரிகாலனை எதிர்த்த பேரரசர் இருவரும் வேளிர் பதினொருவரும் தோல்வியுற்றனர். பகை ஒன்றாயிருப்பதனால் மட்டும் நண்பர் ஒன்றாகிவிடுவதில்லை என்பதற்கு இவற்றினும் சான்று வேண்டுமோ? நெடுஞ்செழியன் சூளுரைத்துப் பாடிய பாட்டு புறநானூற்றில் 72-ஆம் பாட்டாக உள்ளது. போரில் வெல்லேனாயின் மாங்குடி மருதன் முதலான புலவர் என் நிலத்தைப் பாடாதொழிக என்பதும் அவ்வஞ்சினத்துள் ஒன்று. புலவர் தன்னைப் பாடுவது பெரும்பேறு என்று கருதிய அவனுடைய நெஞ்சுறுதிக்கு எத்தனை எண் இடுவது?

சங்ககாலம் தொலைவில் உள்ளது என்பார் இருக்கலாம். அவர்கள் சிராங்கூனை விட்டு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இத்தீவின் வடகரையில், செம்பவாங்கில், பிரிட்டிஷார் பெரும்பொருள் செலவிட்டு அமைத்த கடற்படைத் தளம் 1938-இல் திறக்கப்பட்டது. தளம் இங்கே, கப்பற்படை ஐரோப்பாவில். போர் மூண்டால் படை வந்து சேரும் என்பதே ஏற்பாடு. போர் மூண்டபோது பிரிட்டன் ஐரோப்பாவிலேயே மூச்சு முட்டப் போரிட்டுக்கொண்டிருந்தது. வந்த பெருங்கப்பல்கள் இரண்டே. ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்னும் அவ்விரண்டும் 1941 டிசம்பர் 10-ஆம் நாள் குவாந்தானுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டன. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்தது. தாக்கியவரினும் சரணடைந்தவரே எண்ணிக்கையில் மிக்கவர். துணைவரின் வலிமையை அறிவது என்றால், அவரிடம் எத்தனை கப்பல் உண்டு என்று எண்ணுவது மட்டுமன்று. நமக்கு வேண்டிய நாளில் அவற்றுள் எத்தனை இங்கு வரும் என்று எண்ணுவதுமாகும். துன்பம் வந்த நாளே நண்பரை அளந்து காட்டும் என்று நட்பாராய்தலில் வள்ளுவர் கூறியது இத்தீவில் மெய்யாயிற்று.

இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 17 அன்று, சிராங்கூன் சாலைக்கு அருகிலுள்ள ஃபேரர் பார்க் திடலில் நிகழ்ந்தது இன்னும் ஆழ்ந்து எண்ணத்தக்கது. பிரிட்டிஷ் படையிலிருந்த இந்திய வீரர் ஏறத்தாழ 40,000 பேர் அங்கே கூட்டப்பட்டனர். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் சில சொற்களால் அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார். ஜப்பானிய அதிகாரி ஃபூஜிவாரா அவர்களைக் கேப்டன் மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார். நேற்றுவரை ஒரு பக்கத்துக் கணக்கில் இருந்த எண், ஒரு மாலைப் பொழுதில் மறுபக்கத்துக் கணக்குக்கு மாற்றப்பட்டது. ஆனால் வீரர் எண்ணாக இருக்க உடன்படவில்லை. நாட்டின் விடுதலைக்கு வழி இதுவே என்று இந்திய தேசியப் படையில் சேர்ந்தவர் பல்லாயிரவர். முன்பு செய்த உறுதிமொழியை விடேன் என்று மறுத்தவரும் பல்லாயிரவர். அவருள் பலர் நியூகினி போன்ற தொலைவிடங்களுக்குக் கொண்டுபோகப்பட்டு அல்லலுற்றனர். இரு சாராரும் தத்தம் நெஞ்சைக் கேட்டே முடிவு செய்தனர். படைக்கு மனம் உண்டு என்னும் இவ்வுண்மையைக் காட்டுதற்குத் திரையின் ஓரத்தில் ஓர் எண் போதுமா?

நாள் குறிக்காத உடன்பாடு

அப்படியாயின் நட்பை நம்பாமல் படையை மட்டும் பெருக்குவதோ வழி? அதுவும் அன்று என்பதைப் பிற்காலச் சிங்கப்பூரே காட்டியது. 1965-இல் தனிநாடான சிங்கப்பூர், 1967-இல் இளைஞர்க்குத் தேசிய சேவையைக் கட்டாயமாக்கியது. சூயசுக்குக் கிழக்கே உள்ள தன் படைகளைத் திரும்பப் பெறுவதாகப் பிரிட்டன் 1968-இல் அறிவித்தது. 1971-இல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய ஐந்து நாடுகளும் ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டில் இணைந்தன. மலேசியாவோ சிங்கப்பூரோ தாக்கப்பட்டால் அல்லது தாக்கப்படும் அச்சம் எழுந்தால், ஐந்து நாடுகளும் உடனே கூடிக் கலந்து பேச வேண்டும் என்பதே அதன் சாரம். படை அனுப்பியே தீரவேண்டும் என்னும் கட்டாயம் அதில் இல்லை.

ஆட்டத்தின் கண்கொண்டு நோக்கினால் இது மிக மெலிந்த உடன்படிக்கை. வலிமை ஐந்து கூடும் என்னும் உறுதி இதில் இல்லை. ஆயினும் அரை நூற்றாண்டைக் கடந்து இன்றும் அது நிலைபெற்று நிற்கின்றது. ஆறு ஆண்டுகளுக்கு முன் மனத்தாங்கலோடு பிரிந்த இரு நாடுகளை ஒரே வான்பாதுகாப்பில் அமர்த்தியது அது. அவ்விரு நாடுகளுக்கும் இடையே உள்ள பாலத்தைக் கடந்து தங்கை வீட்டுக்கு வந்துபோகும் எனக்கு அதன் அருமை தெரியும். தன் காலில் நிற்கும் வலிமையும், நாள் குறிக்காத நட்பும் ஒன்றையொன்று தாங்கும் என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

நட்பை அறிந்த வேறு இரு ஆட்டங்கள்

விளையாட்டில் இவ்வளவு நுட்பத்தை எதிர்பார்த்தல் தகுமோ என்று சிலர் கேட்பர். தகும், செய்தும் காட்டியிருக்கின்றனர். ஆலன் கால்ஹாமர் என்னும் அமெரிக்கர் ஆக்கி 1959-இல் வெளியிட்ட ‘டிப்ளோமசி’ என்னும் பலகையாட்டத்தில் எழுவர் ஐரோப்பிய வல்லரசுகளாக அமர்ந்து ஆடுவர். அதில் பகடை இல்லை. எல்லாப் படைக்கும் வலிமை சமம். ஆகவே வலிந்து ஓரிடத்தைக் கைப்பற்ற வேண்டுமாயின் மற்றொரு படையின் துணை வேண்டும்; பல வேளைகளில் அத்துணையைப் பிறரிடமே பெற வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன் ஆடுவோர் தனித்தனியே கூடிப் பேசுவர். பின் கட்டளைகளை மறைவாக எழுதி ஒருங்கே வெளியிடுவர். கொடுத்த வாக்கைக் காக்குமாறு எவ்விதியும் கட்டாயப்படுத்துவதில்லை. வஞ்சகம் இதிலும் உண்டு, மிகுதியாகவே உண்டு. ஆனால் வஞ்சித்தவன் எதிரே அமர்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். அடுத்த சுற்றில் அவரிடமே துணை கேட்டு நிற்கவும் நேரும். நட்பை முறிப்பதற்கு உரிய விலை அங்கே உண்டு.

மற்றது நம் ஆடுபுலி ஆட்டம். எங்கள் தோட்டத்து லயத்துத் திண்ணையில் பெரியவர்கள் கரித்துண்டால் அதன் கட்டத்தை வரைவார்கள். புலி மூன்று, ஆடு பதினைந்து, புள்ளி இருபத்து மூன்று. புலி, பக்கத்திலிருக்கும் ஆட்டைத் தாண்டி அப்பாலுள்ள வெற்றிடத்தில் குதித்தால் அந்த ஆடு வெட்டுண்டது. அந்த ஆட்டிற்குப் பின்னே இன்னோர் ஆடு நிற்குமாயின் புலியால் தாண்ட இயலாது. ஓர் ஆட்டுக்கெனத் தனி வலிமை ஒன்றும் இல்லை; அதன் பின்னே நிற்பதே அதன் வலிமை. எல்லா ஆடுகளும் இடமறிந்து நின்றால் மூன்று புலிகளும் அசைய வழியின்றிக் கட்டுண்டு கிடக்கும். படையும் நட்பும் வேறுவேறல்ல என்னும் பெரிய பாடத்தை எழுத்தறியாத முதியோர் இக்கரிக்கோட்டில் எங்களுக்குக் கற்பித்தனர்.

ஆசிரியர் செய்யத்தக்கது

கணினி ஆட்டத்தைத் தடுப்பதனால் பயனில்லை. தடுத்தால் மறைவில் ஆடுவர். மறைவில் ஆடுவதைப் பற்றி யாரும் அவர்களோடு பேச இயலாது. உடனிருந்து பார்ப்பதும், பார்த்தபின் ஒரு கேள்வி கேட்பதுமே நம் கடமை. படை எவ்வளவு என்று பிள்ளை கூறினால், அப்படையினர் எவருக்காகப் போரிடுகின்றனர் என்று கேட்போம். நட்பு எத்தனை சுற்று என்று கூறினால், அச்சுற்று முடிந்த மறுநாளும் உன்னைத் தேடி வருபவர் யார் என்று கேட்போம். விடை உடனே வராவிடினும் கேள்வி அவர்கள் நெஞ்சில் தங்கும்.

ஊர் திரும்பும் முன்னாள் மாலை, ஒரு தாளில் கட்டம் வரைந்து, புளியங்கொட்டைகளை ஆடாக வைத்து, மருமகனோடு ஆடுபுலி ஆடினேன். முதல் இரண்டு ஆட்டமும் ஆடுகளை எண்ணிக்கொண்டே இருந்து தோற்றான். மூன்றாம் ஆட்டத்தில் எண்ணுவதை விட்டு, ஓர் ஆட்டை வைக்குமுன் அதன் பின்னிடத்தை நோக்கலானான். என் புலிகள் மூன்றும் மூலையில் முடங்கின.

“பின்னாடி ஒருத்தன் நிக்கணும் மாமா. இல்லாட்டி எத்தனை இருந்தாலும் போயிரும்” என்றான்.

நம் ஊர்ப் பேச்சில் நண்பனைக் கூட்டாளி என்கின்றோம். கூடி நிற்பவன் என்று அதற்குப் பொருள் கொள்வதில் பிழையில்லை. எத்தனை சுற்றுக்கு என்று அச்சொல் கேட்பதில்லை.